திரையின் வலது ஓரம்

போன வாரம் ஒரு வீடியோ எடுத்தேன். மூன்றே நிமிடம். அதற்குள் ஒரு மனிதரை நோகடித்துவிட்டேன்.

சரவணம்பட்டியில் எங்கள் அபார்ட்மென்டுக்கு நான்தான் செயலாளர். லிஃப்ட் ரிப்பேரா, தண்ணீர் வரவில்லையா — இனி எல்லாப் புகாரையும் வெப்சைட்டில்தான் பதிய வேண்டும் என்று முடிவானது. எப்படிப் பதிவது என்று ஆளாளுக்குப் போன். நூறு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னால் எரிச்சல் வராதா? ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரில் செய்து காட்டி, திரையைப் பதிவு செய்து குரூப்பில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. முழுத் திரையா, ஒரு விண்டோ மட்டுமா, நீங்களே கட்டம் போட்டுக் காட்டும் பகுதியா?

கட்டமாவது ஒன்றாவது! முழுசாகவே எடு என்று அழுத்தினேன். எனக்கு மறைக்க என்ன இருக்கிறது? மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவன் நான். இந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் திட்டிக் கடிதம் போடுகிற உங்களுக்கே அது தெரியும்.

திரையின் வலது ஓரத்தில் வாட்ஸ்அப் திறந்து கிடந்தது. வீட்டில் இருந்த மனைவிக்கு முந்தின நாள் நான் அனுப்பியது: ‘ரங்கசாமி வந்துட்டாரு. பத்து நிமிஷத்துல போன் பண்ணிக் கூப்பிடு. இல்லாட்டி எந்திரிக்க மாட்டாரு.’ அதற்கு முந்தின நாளும் அதே. அதற்கும் முந்தின நாளும்...

ரங்கசாமி மூன்றாவது மாடிக்காரர். பொள்ளாச்சி தேங்காய் மண்டியில் ஏலம் விட்டவர். இப்போது மகனோடு இருக்கிறார். தினமும் சாயங்காலம் ஆபீஸ் ரூமுக்கு வந்து பேசுவார். பேசிக்கொண்டே இருப்பார்.

அந்த வாட்ஸ்அப்பும் சேர்ந்தே பதிவாகி குரூப்புக்குப் போய்விட்டது. யாரோ சொல்லி, அரை மணி நேரத்தில் வீடியோவை அழித்தேன். அன்று அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நானே மேலே போனேன்.

“வாங்க. வீடியோ தெளிவா இருந்துச்சுங்க. லிஃப்ட் கம்ப்ளெய்ன்ட் நானே போட்டுப்போட்டேன்” என்றார், ரகசியம் போல.

“தப்புதானுங்கண்ணா. நல்லாத் திட்டிப்போடுங்க.”

“திட்டறதா? இங்க சத்தம் போட முடியாதுங்க.” மூடியிருந்த இரண்டு கதவுகளைக் காட்டினார். “அதுல பையன் மீட்டிங்கு. இதுல மருமவ மீட்டிங்கு. டிவி போடக்கூடாது. இருமக்கூடாது. சில நாளு ஹால்லயே வந்து உக்காந்துக்குவாங்க. கேமராவுல உழுந்துபோடுவேன்னு செவுத்தோரமாவே நடப்பனுங்க.”

குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“பேசாதீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கம்முனு உக்காந்திருப்பனே! எனக்கு வேண்டியது உக்கார ஒரு எடந்தானுங்க.”

கம்ப்யூட்டராவது எதைக் காட்டுவது என்று நம்மைக் கேட்கிறது. நாம் யாரும் கேட்காமலே கட்டம் போட்டுக்கொண்டு திரிகிறோம். என் கட்டத்துக்குள் ஒரு நேர்மையான ஆள். அவர் வீட்டுக் கட்டத்துக்குள் இரண்டு பிஸியான ஆட்கள். இரண்டுக்கும் வெளியே, சுவரோரமாக ஒரு மனிதர். கட்டம் போடும்போது யாரை வெளியே தள்ளுகிறோம் என்று எந்தக் கம்ப்யூட்டரும் கேட்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

“கீழ வாங்கண்ணா. அங்க வந்து சத்தமாவே திட்டுங்க” என்றேன்.

செருப்பை மாட்டினார். இரண்டாவது மாடிப் படியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

ஏலம் விட்ட குரல்... அபார்ட்மென்ட் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்!