மரம் எந்தப் பக்கம் பாக்குது?

நேராக நிற்கிற மரத்துக்கு யாரும் எங்களைக் கூப்பிடுவதில்லை; சாய்ந்தது, தொங்குவது, ஓட்டு வீட்டை முறைத்துக்கொண்டு நிற்பது, இவைதான் எங்கள் பங்குக்கு வரும்.

நான் சேலத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். மற்ற பெண்கள் லீவுக்கு ஏற்காடு போவார்கள். நான் எங்கள் ஊர் புதுச்சத்திரம் போய் அண்ணனோடு மரம் அறுக்கப் போவேன். வீட்டுத் தொழிலுக்கு லீவில் இழுத்துவிடப்பட்ட சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். சித்தப்பா ஒருமுறை, பக்கத்து மரத்தில் மாட்டித் தொங்கின மரத்துக்கு அடியில் 'ஒரு நிமிஷம்' என்று போனார். இடுப்பு ஒடிந்து இன்றும் கட்டிலில்தான் இருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று: மேலே பார்க்க ஓர் ஆள் இல்லாமல் அண்ணன் அறுப்பு மெஷினைத் தொடக் கூடாது. அறுக்கிறவனுக்கு அடிமரம் மட்டும்தான் தெரியும். தள்ளி நின்று உச்சியைப் பார்த்து, எது அசைந்தாலும் விசில் ஊதுவது என் வேலை.

பார்வை

எங்கள் தொழிலில் மரம் 'சாயுது' என்று சொல்ல மாட்டார்கள், 'பாக்குது' என்பார்கள். வீடு கிழக்கே பார்ப்பது போல. ஒரு தோட்டத்தில் புளியமரம் மேற்கே சாய்ந்து நின்றது. அண்ணன் ரெண்டு சுற்று சுற்றி வந்து, கோடரியைத் தூக்குக் குண்டு போலத் தொங்கவிட்டுப் பார்த்து, "இது கெழக்க பாக்குது" என்றான். கண் முன்னால் தண்டு மேற்கே போகிறதே! பத்து நிமிஷம் சண்டை போட்டேன்.

மரம் கிழக்கே போய்த்தான் விழுந்தது. கிளை, காய், கனம் எல்லாம் கிழக்குப் பக்கம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. எடை மையம் பற்றி இருபது பக்கம் பரீட்சை எழுதினவள் நான். தோட்டக்காரர் மெதுவாகக் கேட்டார்: "ஏனம்மணி, உங்க காலேசுல மரமெல்லாம் தண்டுலதான் பாக்குமா?"

வண்டி விட்டு இழுத்துடலாம்

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே வைத்தியம்தான்: லாரியைக் கட்டி இழுப்பது. ஒரு லாரிக்காரர் தன் குடோன் பக்கம் பார்த்த வேப்பமரத்தில் கயிறு கட்டி, மறுமுனையை லாரியில் மாட்டி, நாங்கள் போவதற்குள் தயாராக உட்கார்ந்திருந்தார். கயிறு மரத்தைவிடக் குட்டை. இழுத்தால் மரம் வரும், வந்து அவர் தலைமேலேயே உட்காரும். சொன்னால், "நீ படிக்கற புள்ள, உனக்கென்ன தெரியும்" என்றார். படிக்கிற பிள்ளைக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியுமாம்?

என் கை நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து, கையை நீட்டி நிமிர்த்திப் பிடித்து, குச்சியும் மரமும் ஒரே உயரமாகத் தெரியும்வரை பின்னால் நடந்தேன். அடிமரத்திலிருந்து நான் நின்ற இடம்வரை எவ்வளவோ அதுதான் மரத்தின் நீளம். அதே தூரத்தை லாரிப் பக்கம் அளந்து குச்சியை நட்டேன். லாரியைத் தாண்டிப் போய் நின்றது குச்சி. முனகிக்கொண்டே வண்டியைத் தள்ளி நிறுத்திக் கயிற்றை நீட்டினார். மரத்தின் உச்சி குச்சிக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்து படுத்தது. லாரி முன்பு நின்ற இடம் முழுக்க வேப்பந்தழை. அவர் தழையைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். "அப்படியே எங்க போர் போட்டாத் தண்ணி வரும்னு அந்தக் குச்சியிலயே பாத்துச் சொல்லிப்போடு சாமி."

எருமை

முன்பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்த மரத்தை வழக்கம்போலப் பின்னாலிருந்து அறுத்தால், பாதி அறுப்பதற்குள் தண்டு நெட்டுக்குப் பிளந்து அறுக்கிறவன் முகத்துக்கு எகிறும். அந்த வாகை மரத்தில் அண்ணன் முன்னால் சின்னதாக, வாய் திறந்த மாதிரி ஒரு பள்ளம் வெட்டினான். பிறகு மெஷினைப் பக்கவாட்டில் குத்தி நடுமரத்தைக் குடைந்தான். முன்னால் கீல் மாதிரி கொஞ்சம், பின்னால் வார்ப்பட்டை மாதிரி கொஞ்சம் மிச்சம். அத்தனை பெரிய மரமும் அந்த நாலு விரல் பட்டையில் நின்றது. தள்ளி நின்று பட்டையை மெஷின் நுனியால் கீழிருந்து தொட்டான், அவ்வளவுதான். மரம் விழுந்தது, ஒரு வானமே இடம் மாறின மாதிரி இருந்தது.

பால் பாத்திரத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்கா சொன்னது: "எங்கூட்டு எருமையும் இப்படித்தானுங்க, பின்னால போனா ஒதைக்கும், வவுத்துப் பக்கமாத்தான் போகோணும்."

ரைட்

இது என் மானம் போன கதை. அறுத்த மரம் ஒன்று கீழே வராமல் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டது. இப்படி மாட்டினதை 'தோள்ல கை போட்ட மரம்' என்பார்கள். அதன் அடியை நீளக் கம்பி வடத்தில் கட்டி, தூரத்திலிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டும். டிராக்டரில் இருந்தவர் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். வடம் முறுக்கியிருப்பதைப் பார்த்து அண்ணன் அதைப் பிரிக்கப் பக்கத்தில் போனான். பயத்தில் நான் 'பீப் பீப்' என்று ரெண்டு ஊதினேன். டிராக்டர் கிளம்பிவிட்டது! அண்ணன் வாய்க்காலில் பாய்ந்ததால் தப்பினான்.

டிரைவரோடு சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக, "ஒரு விசில்னா நிப்பேன், ரெண்டு விசில்னா ரைட்டு. முப்பது வருசம் இதுலதானுங்க வண்டி ஓட்டுனேன்" என்றார்.

ஒரே மூச்சு

எருமப்பட்டிப் பக்கம். மறுபடியும் கை போட்ட மரம், தாங்கினது மாமரம். "மாமரத்தையும் அறுத்துப் போட்டா ரெண்டும் வந்துருமில்ல?" என்றார் தோட்டத்துக்காரர். தாங்குகிற மரத்தை அறுக்கிறவன் தன் தலைக்கு மேல் இருக்கிற தூணை அறுக்கிறான் என்று அவருக்கு ஒரு பாடமே எடுத்தேன். இழுக்க வண்டி வரும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது என்று கயிறும் கட்டினேன்.

ஆனால் அண்ணனின் மெஷின் அடிமரத்தின் பக்கத்தில் கிடந்தது. "ஒரு நிமிஷம், எடுத்துட்டு வாரேன்" என்று கயிற்றுக்குள் குனிந்தான். சித்தப்பாவின் அதே ஒரு நிமிஷம். மேலே பார்த்தேன். மாங்கிளையின் கவட்டையில் வெள்ளையாக ஒரு பிளவு, விரல் நீளம். ஒரே விசில், நெஞ்சில் இருந்த காற்று முழுக்க. அவன் நின்றான், வெளியே வந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஓர் இலைகூட அசையவில்லை. "காக்கா பறந்ததுக்கு ஊதுனயா?" என்று அண்ணன் சிரித்தான். தோட்டத்துக்காரரும் சிரித்தார். அவன் மறுபடி கயிற்றில் கை வைத்தான். நான் மறுபடி ஊதினேன். எரிச்சலோடு திரும்பி என்னைத் திட்ட வாயைத் திறந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் மரம் வந்தது. சத்தம் காதில் விழுவதற்கு முன் அதிர்வு பாதத்தில் ஏறியது. மெஷின் கிடந்த இடத்தில் இப்போது மரம்தான் கிடந்தது. மாவிலைகள் வெகுநேரம் ஒவ்வொன்றாக இறங்கின. திட்டத் திறந்த வாய் அப்படியே இருக்க, அண்ணன் கடைசியில் சொன்னான்: "இன்னொருக்கா ஊது அம்மணி, நான் இன்னுங் கொஞ்சம் தள்ளி நிக்கறேன்."

பல்கலைக்கழகத்தில் தொண்டை கட்டும்வரை வாதாடி நான் ஜெயித்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜெயித்தது அந்த ஒரு வாதத்தில்தான்.