அண்ணா வானத்தில் இருந்தபோது

விமானத்தில் வருகிறவருக்குச் சாவைச் சொல்வதில்லை. எங்கள் குடும்பங்களில் அது எழுதாத சட்டம். ரொறன்ரோவில் இருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையம் வர, டோஹாவில் காத்திருப்பதையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒரு முழு நாள். அவ்வளவு தூரமும் ஒருவர் தனியாக அழுதுகொண்டு வரக்கூடாது என்பார்கள்.

அப்பா வெள்ளவத்தை வீட்டில் விடியப்புறம் போய்விட்டார். "அப்பாவுக்கு வருத்தம் கடுமை, உடன வெளிக்கிடுங்கோ" என்று மட்டும் ரொறன்ரோவில் இருந்த அண்ணாவிடம் போனில் சொன்னேன். அப்பாவும் அவரும் பேசி வருடக்கணக்காகியிருந்தது.

மலர்ச்சாலையில் சவப்பெட்டி பார்த்துக்கொண்டு நின்றபோது டோஹாவில் இருந்து அண்ணாவின் வாட்ஸ்அப் வந்தது. "நான் வாறன் எண்டு அப்பாட்டச் சொல்லு. மன்னிப்புக் கேக்கவேணும்."

பக்கத்தில் நின்ற சித்தப்பா எட்டிப் பார்த்தார். "சரி எண்டு போடு பிள்ளை. பாவம் அவன்."

போட்டேன்.

கட்டுநாயக்காவில் வெளியே வந்த அண்ணா, என் முகத்தைக் கண்டதும் சூட்கேஸைத் தள்ளுவதை நிறுத்தினார்.

"சரி எண்டு நீ அனுப்பேக்க அப்பா இருந்தவரோ?"

நான் தலை குனிந்தேன். அண்ணா அழவில்லை.

"பிளேனில எல்லாரும் நித்திரை. நான் அவரோடதான் மனசுக்குள்ள கதைச்சுக்கொண்டு வந்தனான்" என்றார்.

இப்போது என் மகள் மெல்பேர்ணில் இருக்கிறாள். எனக்கு ஏதும் நடந்தால், அவள் விமானம் ஏறமுதலே உண்மையைச் சொல்லிவிடும்படி வீட்டில் கேட்டிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று நான் போட்ட 'சரி' போலவே இருந்தது அது.