தலையில் போன தேங்காய் எண்ணெய்

சபையாரே, மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த எமர்ஜென்சி காலத்தில் என் மகள் எஸ்தர் காய்ச்சலில் கிடந்தாள். பகாவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. எஸ்தரைச் சேர்த்திருந்த தோட்டத்து ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே இருந்தது. முதலில் பிள்ளை கஞ்சியைத் துப்பினாள். பிறகு துப்பவும் தெம்பில்லை. இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் கையை விரிக்க வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். எனக்கு உயிரே இல்லை.

அன்று மதியம் போதகர் தோட்டத்துக்கு வந்தார். ராணுவ லாரியில் வந்தவர் அதே லாரியில் உடனே திரும்ப வேண்டும். ஒரு புட்டித் தேங்காய் எண்ணெயை ஜெபித்துக் கொடுத்து, பிள்ளைக்குப் பூசச் சொன்னார். அந்த அவசரத்திலும் பிரசங்கத்தை விடவில்லை. கிறிஸ்து என்பது பெயரல்ல, பட்டமாம். அந்தக் காலத்தில் ராஜாவையும் ஆசாரியனையும் தலையில் எண்ணெய் ஊற்றித்தான் ஏற்படுத்துவார்களாம். அப்படி அபிஷேகம் பெற்றவர் எபிரேயருக்கு மேசியா, கிரேக்கருக்குக் கிறிஸ்து. நானோ அதுவரை இயேசு அவர் பெயர், கிறிஸ்து தகப்பன் பெயர் என்றே நினைத்திருந்தேன். எங்கள் அடையாளக் கார்டில் அப்படித்தானே இருக்கிறது.

வேலி வாசலில் காவல் மாரிமுத்து, எங்கள் லயத்துப் பையன்தான், புட்டியைப் பிடித்துக்கொண்டான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் போகக் கூடாது என்று சட்டம். ஜெப எண்ணெய் என்றேன். கெஞ்சினேன். திட்டியும் பார்த்தேன்.

"எண்ணெய் ஒரு சொட்டு வெளிய போனாலும் என் வேல போயிரும்லா, அக்கா."

ஆண்டவரே, வழி காட்டும் என்று மனதுக்குள் கத்தினேன். கொஞ்சம் கோபமாகத்தான் கத்தினேன். அப்போதுதான் போதகரின் பிரசங்கம் மண்டையில் ஏறியது.

"தலையில வச்ச எண்ணெய்க்குச் சட்டம் இருக்கா, தம்பி?"

அவன் யோசித்து, இல்லை என்றான். புட்டியை வாங்கி முழுவதையும் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அவன் வழிவிட்டான்.

கண் எரிய, சேலை நனைய ஓடினேன். தலையிலிருந்து வழித்து எஸ்தரின் நெற்றியில் பூசி, அந்தப் பட்டத்தைச் சொல்லியே ஜெபித்தேன். பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"அம்மா, பசிக்குது."

ஒரு கோப்பைக் கஞ்சி முழுவதும் இறங்கியது. டிரஸ்ஸர் தன் மருந்துதான் கேட்டது என்றார். சொல்லிக்கொள்ளட்டும், படுக்கைவிரிப்பை நாசமாக்கியதற்கு என்னைத் திட்டியவரும் அவரே.

அன்றிலிருந்து கிறிஸ்து என்று சும்மா வாயில் வந்தபடி சொல்வதில்லை. உங்களையும் ஏதாவது வாசலில் நிறுத்திவைத்திருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். மரியாதையாகக் கூப்பிட வரவில்லையா, கோபமாகவே கூப்பிடுங்கள். என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்தவர் அவர்.