தேர்ச் சக்கரத்தடியில்

கொழும்புத் துறைமுகத்துக்குள் அந்தப் பயணிகள் கப்பல் நுழைந்தபோது, கரையில் நின்ற எங்களுக்கு ஒரு தெருவே மிதந்து வருவது போலிருந்தது. "எம்புட்டு ஒசரம் பாரு!" என்றார் என் வீட்டுக்காரர். படகில் முன்னே போன ஒருவன், கப்பலைக் கட்ட நீரில் போட்டிருந்த இரும்பு மிதவைமேல் தாவி ஏறி, கப்பலின் கயிற்றை அதில் மாட்டக் குனிந்தான். கப்பல் அவனை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

அந்தக் குனிவைப் பார்த்ததும் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் ஞாபகம் வந்துவிட்டது. தெருமுனையில் தேரைத் திருப்ப, உருளும் சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை கொடுப்பவர் என் அப்பா. மரம் நெரிந்து கருகும் வாடை மூக்கில் ஏறும். ஊரே கலசத்தை அண்ணாந்து கும்பிடும்; அம்மா மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மேல பாரும்மா, சாமி!" என்று சேலையை இழுத்தேன் ஒரு வருஷம்.

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு. அவிய கை வெளிய வரட்டும்."

அப்போது கட்டை நழுவியது. கூட்டம் எதுவும் தெரியாமல் "கோவிந்தா!" என்றது. அம்மாவின் நகம் என் தோளில் இறங்கியது. அப்பா கையை உதறிக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்த பிறகுதான் அவள் சாமியைக் கும்பிட்டாள்.

கப்பல் நின்றது. கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்காரர் இன்னும் புகைபோக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"மிதவையில நின்ன ஆளு வெளிய வந்துட்டாரா?"

"எந்த ஆளு?" என்றார்.