தார்ப்பாயில் தைத்த காற்றுக்குழாய்

கருகிய பிரேக்கின் வாசனை எப்படி இருக்கும் தெரியுமா? ரப்பர் வாசனையும் இல்லை, இரும்பு வாசனையும் இல்லை... தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், என் வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அந்த வாசனைதான்.

அவர் பெயர் கஜேந்திரன். திருவள்ளூரில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். அவரும் கூட வேலை செய்த எத்திராஜும் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கி, சோழவரம் ரேஸில் ஓட்டினார்கள். பழைய விமான ஓடுதளம் அது. நேராகப் பறந்து வந்து, கடைசியில் சட்டென்று வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும்.

ஒருமுறை அந்தத் திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அத்தனை சூடு. கார் வைக்கோல் கட்டுகளை இடித்துக்கொண்டு முள்புதருக்குள் போய் நின்றது. முகமெல்லாம் கீறலோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன்.

"இனிமே அந்தப் பக்கமே போவாதீங்க" என்று அழுதேன்.

"அழுவாத வசந்தா. பிரேக்குக்குக் காத்து பத்தல, அவ்ளோதான். காத்து போறதுக்கு வழி பண்ணிட்டா ஒண்ணும் ஆவாது. நீ தச்சிக் குடுப்பியா?"

தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் நான்...

மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் புனல் மாதிரி வளைத்து, முன் பம்பருக்குக் கீழே மாட்டினார்கள். அங்கிருந்து சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிரேக் வரைக்கும் காற்று போகக் குழாய் வேண்டும். கிழிந்த லாரித் தார்ப்பாயில் தைத்தேன். ஊசி ஒடிந்துகொண்டே இருந்தது. முதலில் தைத்தது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மடங்கி, டயரில் உரசிக் கிழிந்துபோனது. அப்புறம் கம்பியைச் சுருளாக வளைத்து உள்ளே வைத்துத் தைத்தோம். அவர் இழுத்துப் பிடிப்பார், நான் மெஷினை மிதிப்பேன்.

தைத்து முடித்ததும் ஒரு முனையை வாயில் வைத்து என் முகத்தில் ஊதினார். பிறகு மறுமுனையை என் வயிற்றில் வைத்து, "இன்னா கண்ணு, நைனா பேசறேன், கேக்குதா?" என்றார்.

அடுத்த ரேஸுக்கு நானும் போனேன். கார் திருப்பத்துக்கு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் கார் ஒழுங்காகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்! பரிசெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் இறங்கியதும் நேராக என்னிடம்தான் வந்தார்.

"பாத்தியா? கடைசி வரைக்கும் புடிச்சிச்சி. உன் தையலு நின்னுச்சி வசந்தா."

அந்த மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானது, சோறு இறங்கவில்லை, பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்... திரும்பி வரவில்லை. நான் பயந்ததெல்லாம் அந்தத் திருப்பத்துக்குத்தான். பெண் பிறந்தபோது அவர் இல்லை.

குழந்தையைப் பார்க்க எத்திராஜ் வந்தார். "அண்ணி, அந்த வண்டிய இனிமே என்னால ஓட்ட முடியாது. வித்துடலாம்" என்றார். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் வாங்க வந்து, குனிந்து பார்த்தார்.

"இன்னாபா இது, தும்பிக்கை மாட்டிக்கினு கீது? கயட்டிடு."

எத்திராஜ் காருக்கு அடியில் படுத்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "கண்ணுல மண்ணு வியுந்துடுச்சி அண்ணி" என்றார். கழற்றிய குழாய்களைச் சாக்கில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்றையாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

இப்போது அந்தப் பெண் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். சில நாள் என்னையும் காரில் அழைத்துப் போவாள். சோழவரம் வழியாகத்தான் போவோம். கண்ணாடி மூடியிருக்கும், ஏசி ஓடும், தொட்டால் போதும், வண்டி நின்றுவிடும். எந்த வாசனையும் வராது...

முன்னால் லாரி வேகத்தைக் குறைத்தால் என் கால் தானாகத் தரையை அழுத்தும். அவள் சிரிப்பாள்.

"அம்மா, உன் பக்கம் பிரேக்கே இல்லமா!"

"தெரியும்டி" என்பேன். காலை மட்டும் எடுக்க மாட்டேன்.