வான் எடுத்ததும் வெறிச்சோடின ஒழுங்கை

2003. போர் நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம். காலை 5.30க்கு வவுனியாவில் வீட்டிலிருந்து என் வாடகை வானை எடுத்தேன். மேசையில் தேத்தண்ணி மூடி வைத்திருந்தது. என்னோடு இருக்கிற அக்காவை வழக்கம்போலக் காணவில்லை.

சந்தியில் பல்கலைக்கழக மிஸ் ஒருவர் முன்னால் நின்று மறித்து ஏறினார். பெண்களுக்கு அடி, உதை, சகுனம் என்று ஒதுக்கல், இதுகளை நிறுத்த வழி தேடும் ஆராய்ச்சி. ஜெயபுரம் போய்வர ஐயாயிரம் ரூபாய். ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் இரண்டு மணித்தியாலம். மாங்குளம் தாண்ட, ஷெல்லடியில் தலை போன பனைகள். கிளிநொச்சியிலிருந்து உள்ளே முப்பது கிலோமீற்றர், கிரவல் பாதை.

12.15. ஜெயபுரம். பள்ளிக்கூடத்தில் தங்கினோம். முன்னால் வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒழுங்கை; அங்குள்ள பெண்களில் பாதிக்கு மேல் கணவனை இழந்தவர்கள். பின்னேரம் மிஸ் அவர்களோடு கதைத்தார். யோகம் என்பவர் கையைக் காட்டினார். மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியிருந்தது. கணவனின் தம்பி நெல் ஏற்றிப் புறப்படும்போது இவர் எதிரே வந்துவிட்டாராம். வழியில் உழவு இயந்திரம் குடை சாய்ந்தது. அவன் திரும்பி வந்து, காற்றடிக்கும் சைக்கிள் பம்மால் அடித்தானாம்.

"நாளைக்கு விடிய மகள் உங்கட வானிலதான் வாறாள், தாதி வேலை பழக," என்றார். "முன்னால நிண்டு அனுப்ப ஆசை. விடமாட்டினம்."

அடுத்த நாள் காலை 6.00. பெண்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார்கள். வானை ஸ்டார்ட் பண்ணினேன். ஒழுங்கை வெறிச்சோடியது. வாளிகள் மட்டும் நின்றன. ஒன்றில் தண்ணீர் இன்னும் ஆடியது. கிடுகு வேலி இடுக்குகளில் கண்கள். ஒரு இருமல்கூட இல்லை.

யோகத்தின் மகள் ஏறி இருந்து வேலியையே பார்த்தாள்.

"எடுங்கோ அண்ணை, முழுவியளம் நல்லாயிருக்கு," என்றான் அவளுடைய சித்தப்பன், பம்மால் அடித்த அதே ஆள்.

முழுவியளம், அதுதான் சகுனம், நானும் பார்ப்பவன்தான். இருபது வருஷம். தாலி இழந்தவர் எதிரே வந்தால் வானை நிறுத்தி, தண்ணி குடித்துவிட்டுத்தான் எடுப்பேன்.

மிஸ் சொன்னார்: "அண்ணை, என்ர மனுசன் செத்து மூண்டு வருஷம். நேற்று நான்தான் முன்னால நிண்டு மறிச்சு ஏறினனான். வான் சில்லு கழண்டதோ?"

"இல்லை."

இறங்கி யோகத்தின் வேலியடிக்குப் போனேன். "அக்கா, வெளிய வாங்கோ. நீங்கள் வராமல் வான் வெளிக்கிடாது."

யோகம் வெளியே வந்தார். மகளின் முகத்தைக் கோணல் கையால் தடவினார். சித்தப்பன் காறித் துப்பினான்.

"தம்பி, வாற மாதம் திரும்ப வருவன்," என்றார் மிஸ் அவனிடம். "உங்கட அண்ணியின்ர இந்தக் கையைத்தான் முதல் பாப்பன்."

புறப்பட்டோம். கண்ணாடியில் பார்த்தேன். மற்றப் பெண்களும் வெளியே வந்து ஒழுங்கை முழுக்க நின்றார்கள். யாரும் கை காட்டவில்லை.

1.40. வவுனியா. வழியில் ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் 5.30. தேத்தண்ணி மூடி வைத்திருந்தது. சூடு ஆறவில்லை. குசினிக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, வான் எடுக்கப் போறன்."

கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். அத்தான் செத்து ஒன்பது வருஷம். ஒவ்வொரு காலையும் நான் வான் எடுக்கும்போது எதிரே வராமல் அக்கா அங்கேதான் நின்றிருக்கிறார்.

"நீ போ தம்பி."

வான் சாவியை மேசையில் வைத்தேன். கதிரையை இழுத்து, அவர் வெளியே வரட்டும் என்று கதவைப் பார்த்தபடி இருந்தேன்.