பத்து சென்டிமீட்டர் கோடு

எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் நானும் அருளப்பனும் உட்கார்ந்திருந்தோம். அவன் வலது காலை நீட்டியிருந்தான். நானும் வலது காலை நீட்டியிருந்தேன். நடைபாதையில் போகிறவர்கள் எங்கள் இரண்டு காலையும் தாண்டிப் போனார்கள். அது தொண்ணூற்றொன்றாம் வருடம், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு நாற்பத்து நான்கு வயது. அவன் ஒரு வயது இளையவன்.

கணுக்கால் வலியோடு இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. என் காலைப் பற்றி எழுதினால் என் பொறாமையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன.

நாங்கள் மறைமலை நகரில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர்கள். தகட்டை அச்சில் வைத்து வலது காலால் பெடலை மிதிக்க வேண்டும். பிரஸ் இறங்கி, வண்டிக்கு வேண்டிய ஒரு சின்ன பாகத்தை வெட்டிக் கொடுக்கும். குதிகால் தரையில் இருக்கும், முன்பாதம் மட்டும் இறங்கி ஏறும். ஷிஃப்ட் முழுவதும் இதுதான். எனக்கு ஊர் ஒரகடம் பக்கம், அவனுக்கு வாலாஜாபாத் பக்கம். கம்பெனி வேனில் அவன் எனக்கு முன்னால் ஏறிவிடுவான். பன்னிரண்டு வருடமாக எங்கள் மெஷின்களும் அடுத்தடுத்துதான்.

வலி முதலில் காலையில்தான் வந்தது. பாயிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடி. அப்புறம் வேனிலிருந்து இறங்கும்போது. அப்புறம் ஷிஃப்ட் முடியும்போது கணுக்கால் வீங்கி, ஷூ கழற்ற வராது. அருளப்பனுக்கும் அதே. சூப்பர்வைசர் சிரித்தார். "இன்னாப்பா, ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கினு நொண்டுறீங்க?" என்றார். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று கம்பெனி டாக்டர் சொன்னதும், லைட் டியூட்டி கேட்க நாங்கள் நாடகம் போடுகிறோம் என்றே பேச்சு கிளம்பியது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு டாக்டரம்மா கணுக்கால் தேய்மானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று கம்பெனி டாக்டர் சீட்டு எழுதி அனுப்பினார். டாக்டரம்மா எங்களை நிற்கவைத்து, உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலில் விழும்படி எக்ஸ்ரே எடுத்தார். படுத்தபோது தெரிந்த இடைவெளி நின்றபோது இல்லை. எலும்பு எலும்பின்மேல் உட்கார்ந்திருந்தது. ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் (மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்துபோவது) என்றார். முழங்கால் வயதினால் தேயும், கணுக்கால் அப்படித் தேய்வது குறைவு, பெரும்பாலும் பழைய அடி ஒன்று இருக்கும் என்று சொல்லி, எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார்.

அருளப்பன் உடனே சொன்னான், சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்ததை. நான் ஒன்றும் இல்லை என்றேன். வெளியே வந்தபிறகு, கதவுவரை திரும்பிப் போய், இருபது வயதில் நெல் கட்டோடு வரப்பிலிருந்து சறுக்கி விழுந்ததையும், மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப்போட்டதையும், கட்டு அவிழ்க்கும் முன்பே அறுப்புக்குப் போனதையும் சொன்னேன். படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆராய்ச்சி இதுதான். ஒரு கூட்டத்துக்கு ஆர்த்ரோடிசிஸ் (திருகாணி போட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்டவைத்து, மூட்டையே நிறுத்திவிடும் ஆபரேஷன்). இன்னொரு கூட்டத்துக்குக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் தோல் பட்டை, அடிப்பாகம் வளைந்த ஷூ, பயிற்சி. யாருக்கு எது என்பதை டாக்டரம்மாகூட முடிவு செய்ய மாட்டார். ஒட்டிய கவர்கள் அடுக்கியிருக்கும், வரிசையில் வருகிறவருக்கு அடுத்த கவரைப் பிரிப்பார்கள். எது நல்லது என்று தெரியாததால்தான் ஆராய்ச்சி என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான் நம்பவில்லை. ஆபரேஷன்தான் வைத்தியம், பட்டை என்பது மீதிப்பேருக்கு என்று நினைத்தேன்.

வரிசையில் நான்தான் முன்னால் இருந்தேன். உள்ளே நாலைந்து டாக்டர்கள் நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. "நீ போ," என்றேன் அருளப்பனிடம். அவன் போனான். அவன் கவரில் ஆபரேஷன் இருந்தது. என் கவரில் பட்டை.

அந்தக் கவர் எனக்கு வரவேண்டியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆறு மாதம் இதைத் தவிர வேறெதுவும் நான் நினைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவனுக்கு ஆபரேஷன் ஆனது. மாவுக்கட்டின்மேல் வேனில் வரும் ஆட்கள் பெயர் எழுதினார்கள். அவன் ஊர் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவன் பெயர் சொல்லி ஜெபித்தார்களாம். என் மனைவி மல்லிகா அவனுக்கு வஞ்சிரக் குழம்பு வைத்து எடுத்துப் போனாள். எனக்கு வேலைநாள், பட்டையைக் கட்டிக்கொண்டு பெடல் மிதித்தேன். "உனக்கும்தான் கால் வலி, உனக்கு யாரு கொழம்பு வச்சா?" என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அவன் கக்கத்துக் கட்டைகளைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கம்பெனி வேனில் அதற்கென்று தனி இடம் விட்டார்கள்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. இடது முனையில் 'வலியே இல்லை', வலது முனையில் 'இதற்குமேல் வலி இருக்க முடியாது'. இந்த மாதம் நம் வலி எங்கே இருக்கிறதோ அங்கே குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். படிக்காதவனும் போடலாம். அதனால்தான் அந்தத் தாள் எனக்குப் பிடித்திருந்தது.

உண்மையில் என் வலி குறைந்துகொண்டு வந்தது. பிசியோதெரபி (மருந்தில்லாமல் பயிற்சியால் மூட்டையும் தசையையும் தேற்றுவது) பார்க்கும் தம்பி ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். காலை நீட்டி, கட்டைவிரலை எழுதுகோலாக நினைத்து, காற்றில் உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுத வேண்டும். ஐந்தாவது வரை படித்த எனக்கு அது கூச்சமாக இருந்தாலும் தினமும் எழுதினேன். இரண்டு மாதத்தில் அந்தப் பத்து அடி, நாலு அடியாகிவிட்டது.

ஆனால் தாளில் நான் அதைப் போடவில்லை. அருளப்பன் போட்டு முடிக்கும்வரை காத்திருப்பேன். அவன் குறி மாதாமாதம் இடது பக்கம் நகர்ந்தது. என் குறியை நான் வலது பக்கமே வைத்தேன். அவன் எவ்வளவு குறைத்தானோ அவ்வளவு கூட்டினேன். கவர் பிரித்ததில் எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கோடுதான் என் சாட்சி.

ஆறாம் மாதத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வருத்தப்பட்டார். பட்டையால் உங்களுக்குப் பயன் இல்லை, விதிப்படி இனி உங்களுக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்று தேதி எழுதிக் கொடுத்தார். நான் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேனில் வந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அருளப்பன் வேலைக்குத் திரும்பினான். நொண்டாமல் வேகமாக நடந்து வந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, தகட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவன் பழைய ஸ்டூலில் உட்கார்ந்து பெடலில் கால் வைத்தான்.

முன்பாதம் இறங்கவில்லை. குதிகாலும் முன்பாதமும் ஒரே பலகையாக இருந்தன. தொடையிலிருந்து முழுக்காலையும் தூக்கி, தூக்கிப் போட்டான். பிரஸ் முன்னே பின்னே இறங்கியது. கை உள்ளே இருக்கும் நேரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசர் ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். கை தட்டியவர்கள் அவரவர் மெஷினுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மூட்டு அசையாது என்பது நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. டாக்டரம்மா படித்தும் காட்டினார். நாங்கள் இருவரும் 'வலி நின்றுவிடும்' என்ற ஒரு வரியைத்தான் கேட்டோம். எங்கள் வேலை கணுக்காலின் அசைவில்தான் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆபரேட்டர் என்று எழுதிக் கொடுத்தோம், பெடலைப் பற்றி எழுதவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஷூவைக் கழற்றி, பழக்கத்தில் காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவன் அதையே பார்த்தான்.

"வலி சுத்தமா இல்ல ஏகாம்பரம். தூங்கறேன். ஆனா குந்த முடியல. கொல்லைக்குப் போறதுக்கு நடுவுல ஓட்ட போட்ட நாற்காலி ஒண்ணு வச்சிகினு கீறேன். கோவில்ல எல்லாரும் மண்டி போடுறாங்க, நான் கம்பம் மாதிரி நிக்கிறேன்."

நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

"உன் கால ஆட்டுறியே, அத்தப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுய்யா. இன்னிக்கு வேன்ல உன் எதிர்ல உக்காராததே அதுக்குத்தான்," என்றான்.

என் பையில் சீட்டு இருந்தது. அவனுக்கு அது தெரியாது. அவன் வயிறு எரிகிறது என்று கேட்டபோது எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கமாக இருந்தாலும் அதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம்தான் பயம் வந்தது.

வீட்டில் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் சீட்டைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். "வலி கொறஞ்சிட்டுதுன்னு எனக்குத் தெரியும். ஏரிக்கரை வரைக்கும் நடந்து போய்ட்டு வரீங்க. டாக்டருக்குச் சொல்றதுக்கு இன்னா?" என்றாள். அருளப்பன் தாளைப் பார்த்துப் போட்டேன் என்றேன். அவள் சீட்டை மடித்து என்னிடம் நீட்டினாள். "அந்தாளுக்கு நான் கொழம்பு எடுத்துனு போனதுக்கா?" என்றாள்.

மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். டாக்டரம்மா முன்னால் ஒரு வார்த்தையும் வரவில்லை. மேசைமேல் இருந்த கோட்டுத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, இடது முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குறி போட்டேன்.

அவர் ஃபைலைத் திறந்து பழைய தாள்களைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம்?"

"அருளப்பன் தாளப் பார்த்துப் போட்டதுங்கம்மா."

அவர் திட்டவில்லை. கோணமானியை எடுத்து என் கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார். ஆபரேஷன் தேதியை அடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு வைத்தியம் பார்ப்பேன், ஏகாம்பரம். ஆனா ஆராய்ச்சியில உங்கள வச்சிக்க முடியாது. உங்க தாள் எதையும் நான் நம்ப முடியாதில்லயா?"

என் ஃபைல் வேறு அலமாரிக்குப் போனது. அருளப்பனுடையது அங்கேயே இருந்தது. வெளியே வரும்போது அதற்கும் பொறாமையாக இருந்தது. பட்டையால் என்னைப் போன்ற ஒருவனுக்கு வலி குறைந்தது என்பது அந்த ஆராய்ச்சியில் எங்கும் இல்லை. உங்களில் யாருக்காவது அது பயன்பட்டிருக்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அருளப்பனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேசை கிடைத்தது, உட்கார்ந்து செய்யும் வேலை. நான் இடது காலுக்கு பெடலை மாற்றி வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசரிடம் நானே போய்க் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு நாள் வேனில் அருளப்பன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "இன்னாவோ கால்ல எழுதுவியாமே. என் பேரு எழுது பாக்கலாம்," என்றான். எழுதினேன். கடைசி எழுத்துவரை அவன் என் கட்டைவிரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இப்போதும் பாயைவிட்டு எழுமுன் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு மணியும் தேதியும் தெரிவதில்லை, எழுத்தின் அளவுதான் தெரியும். முதல் வருடம் 'அ' ஒரு தட்டு அகலம் இருந்தது. இப்போது ஒரு டம்ளரின் வாய் அளவு. தேய்மானம் நிற்காது, மெதுவாகத்தான் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கணுக்காலின் அசைவு நின்று, எழுத்து ஒருநாள் புள்ளியாகிவிடும். அன்றைக்கு, நான் அருளப்பனுக்கு விட்டுக்கொடுத்த அந்தக் கவர் என்னிடம் வந்து சேரும். அதற்குள் எத்தனை 'அ' எழுத முடியுமோ எழுதிக்கொள்கிறேன்.